அண்ணனின் இரண்டு மோட்டார்கள்



வழக்கமாக இப்பக்கத்திற்குக் கட்டுரைப் பயிற்சியையும் வலிமிகும் இடங்களையும் தேடி வரும் ஆசிரிய நண்பர்கள் இன்று என்னைச் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப்போவது இரண்டு ஜப்பானிய மோட்டார்சைக்கிள்களைப் பற்றி. ஒன்று, 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோண்டா சிபிஆர்900ஆர்ஆர் ஃபயர்பிளேட். மற்றொன்று, 1998-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த யமஹா ஒய்இசட்எஃப்-ஆர்1. இவ்விரண்டும் கிள்ளானில் உள்ள என் அண்ணனின் பட்டறையில் பல்லாண்டுகளாக அருகருகே நின்றன. கடந்த மாதம் ஒன்று விற்கப்பட்டுவிட்டது. எதை விற்பது என்று அண்ணன் என்னைத்தான் கேட்டார். அதனால் வந்த எழுத்து இது.

எனக்கும் பெரிய மோட்டார்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டிற்கும் நான் செல்வது ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாயில். 97 சிசி. இருபது ஆண்டுகளாக அது என்னைக் கைவிட்டதில்லை. நானும் அதை வேகமாகப் போகச் சொல்லித் துன்புறுத்தியதில்லை. பெரிய வண்டி ஓட்டத் தேவையான ‘பி ஃபுல்’ உரிமமும் என்னிடம் இல்லை. ஆகவே இவ்விரு வண்டிகளையும் ஓட்டிப் பார்த்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. அண்ணன் சொல்லக் கேட்டதையும், அவர் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் பழுதுபார்ப்புக் கையேடுகளில் படித்ததையும், இரண்டின் மீதும் ஏறி உட்கார்ந்து பார்த்ததையுமே எழுதுகிறேன்.

அண்ணனுக்கு இப்போது அறுபத்தொன்று வயது. முழங்கால் வலி. மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பட்டறையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“தம்பி, ரெண்டுல ஒன்ன வித்துடலாம்னு இருக்கேன். எத விக்கலாம், நீயே சொல்லு.”

ஆசிரியரிடம் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பையிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்தேன். நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடப்புறம் ஃபயர்பிளேட், வலப்புறம் ஆர்1. அண்ணன் கையேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

(எழுதும்போதே எனக்கு ஒரு சங்கடம். பிஸ்டனைச் சிலர் ‘உந்துதண்டு’ என்கின்றனர், சிலிண்டர் ‘உருளை’. பட்டறையில் நின்று “அந்த உந்துதண்டை எடுங்கள்” என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனவே இங்கே பட்டறைச் சொல்லையே பயன்படுத்துகிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்க.)

முதலில் எஞ்சின். இரண்டும் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த, நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள். ஃபயர்பிளேட் 893 சிசி. ஆர்1 998 சிசி. இந்த 105 சிசி வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் ஒன்றே, 58 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டம்தான் வேறு. ஹோண்டாவில் 70 மில்லிமீட்டர், யமஹாவில் 74. வட்டத்தின் பரப்பளவைக் கண்டு, 58-ஆல் பெருக்கி, நான்கு சிலிண்டர்களுக்கும் கூட்டினால் கையேட்டில் உள்ள எண்கள் அப்படியே வருகின்றன. இடைநிலைப் பள்ளியில் கணிதம் போதிக்கும் நண்பர்கள் வேண்டுமானால் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். நான்கே மில்லிமீட்டர்! அந்த நான்கு மில்லிமீட்டருக்குள் என் இஎக்ஸ்5-இன் எஞ்சின் முழுவதும் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ஆற்றல். ஃபயர்பிளேட் ஏறத்தாழ 122 குதிரைத்திறன், ஆர்1 150. எடை, அதாவது பெட்ரோலும் எண்ணெயும் ஊற்றாத உலர் எடை, ஹோண்டா 185 கிலோ, யமஹா 177 கிலோ. பெரிய எஞ்சினைக் கொண்ட வண்டிதான் எடை குறைந்தது என்பதைக் கவனியுங்கள். இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஹோண்டாவில் 1405 மில்லிமீட்டர், யமஹாவில் 1395. வால்வுகள் 16-க்கு எதிராக 20. யமஹா ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து வால்வுகள் வைத்தது. காற்றும் எரிபொருளும் உள்ளே செல்ல மூன்று, புகை வெளியேற இரண்டு. 1985-இல் எஃப்இசட்750 என்னும் வண்டியில் அது கொண்டு வந்த முறை இது. முன்புறத்தில் ஹோண்டாவுக்கு வழக்கமான ஃபோர்க். யமஹாவுக்குத் தலைகீழாகப் பொருத்திய, பந்தய வண்டிகளில் காணும் ஃபோர்க்.

ஒவ்வொரு வரிக்கும் சரி அடையாளம் போட்டுக்கொண்டே வந்தேன். அடையாளங்கள் எல்லாம் வலப்பக்கமே விழுந்தன. கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை.

“அண்ணே, ஃபயர்பிளேட்டை வித்துடுங்க. எதுல பார்த்தாலும் ஆர்1தான்” என்றேன்.

அண்ணன் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“வாத்தியார் வேலையக் காட்டிட்ட. எல்லாத்தையும் எழுதின, சரி. வருசத்த ஏன் எழுதல?”

நான் எழுதவில்லைதான். 1992, 1998. எங்கும் இல்லை.

அன்று மாலை தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு அவர் பேசினார். பொதுவாக அதிகம் பேசாத மனிதர். அவர் சொன்னதை என் மொழியில் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

1990-களின் தொடக்கத்தில் வேகமான வண்டி வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆற்றல் வேண்டுமா, ஆயிரம் சிசியையும் அதைத் தாண்டியதையும் வாங்கு. அவை நேர்ச்சாலையில் பறக்கும். ஆனால் உலர் எடையே 200 கிலோவைத் தாண்டும். வளைவு வந்தால் எருமையைத் திருப்புவது போல. வளைவில் துள்ள வேண்டுமா, 750 சிசியை வாங்கு. அதில் ஆற்றல் சற்றுக் குறைவு. இதுதான் இயற்கையின் விதி என்பது போல எல்லா நிறுவனங்களும் நடந்துகொண்டன. பெரிய வண்டி கனமாகத்தான் இருக்கும், வேறென்ன செய்வது?

ஹோண்டாவில் தடாவோ பாபா என்பவர் தலைமையில் உருவான குழு இந்த விதியை ஏற்கவில்லை. பெரிய வண்டியின் ஆற்றலை 750-இன் உடலுக்குள் வைத்தால் என்ன என்பது அவர்களின் கேள்வி. 893 என்பது விந்தையான எண். உலக சூப்பர்பைக் போட்டியில் அப்போது நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு வரம்பு 750 சிசி. ஆகவே இவ்வண்டி அந்தப் பந்தயத்தில் ஓடவே முடியாது. இது எந்தப் போட்டி விதிக்காகவும் செய்யப்பட்டதன்று. சாலையில் ஓட்டுபவனின் கைக்கு அடங்க வேண்டும் என்பதற்காக மட்டும் செய்யப்பட்டது. பாபா ஆற்றலைவிட எடையைப் பற்றியும், வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியுமே ஓயாமல் பேசியவர். ஒவ்வொரு பாகத்திலும் எடையைக் குறைத்தார்கள். எல்லோரும் 17 அங்குல முன்சக்கரம் வைத்தபோது அவர்கள் 16 அங்குலம் வைத்தார்கள். வண்டி விரைந்து திரும்ப வேண்டுமென்று. முன்மூடியில் வட்ட வட்டமாகத் துளைகள் இட்டார்கள். காற்று அவற்றின் வழியே புகுந்து போனால் வண்டியைச் சாய்ப்பது எளிதாகும் என்று. அண்ணனின் வண்டியில் அந்தத் துளைகளை நான் அலங்காரம் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்.

பாபாவைப் பற்றிப் பேசும்போது அண்ணனின் குரல் மாறிவிடும். பாபா 1962-இல், பதினெட்டு வயதில், ஹோண்டாவில் சேர்ந்தவர். முதலில் தொழிற்சாலையில் எஞ்சின் பாகங்களைக் கடையும் பிரிவில் வேலை. பிறகுதான் ஆய்வுப் பிரிவுக்குச் சென்றார். தாம் உருவாக்கிய வண்டிகளைத் தாமே சோதனைத் தடத்தில் ஓட்டினார். பலமுறை விழுந்தும் இருக்கிறார். “கையில எண்ணெய் பட்ட மனுசன்” என்பார் அண்ணன். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

இப்போது யமஹாவுக்கு வருவோம். 1997-இல் மிலான் கண்காட்சியில் ஆர்1 காட்சிக்கு வைக்கப்பட்டபோது மோட்டார் உலகமே திகைத்தது என்பது மிகைக்கூற்று அன்று. அதே நிறுவனம் ஓராண்டுக்கு முன்னர் விற்பனைக்குக் கொண்டு வந்த தண்டர்ஏஸ் என்னும் ஆயிரம் சிசி வண்டியின் உலர் எடை 198 கிலோ. புதியது 177. ஒரே நிறுவனம், மிகக் குறுகிய காலம், 21 கிலோ குறைவு. குனிஹிகோ மிவா என்பவர் தலைமையிலான குழு எதையும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற முடிவோடு வெற்றுத் தாளிலிருந்து தொடங்கியது.

அவர்கள் செய்த முக்கியமான காரியம் கியர் பெட்டியில் இருக்கிறது. இதை அண்ணன் எனக்கு மூன்று தேநீர்க் குவளைகளை வைத்து விளக்கினார். மோட்டார் எஞ்சினில் மூன்று முக்கியத் தண்டுகள் உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு. கிளட்சைத் தாங்கும் முதல் கியர் தண்டு. சங்கிலிக்கு ஆற்றலைக் கொடுக்கும் இரண்டாம் கியர் தண்டு. வழக்கமாக இம்மூன்றும் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ வரிசையில் அமைந்திருக்கும், பெஞ்சில் மூன்று மாணவர்கள் உட்கார்ந்திருப்பது போல. யமஹா நடுவில் இருந்ததைத் தூக்கி மேலே வைத்தது. குவளைகள் முக்கோணமாயின. பெஞ்சில் இடம் மிச்சம்.

எஞ்சின் நீளத்தில் குறுகிவிட்டது. அந்த இடத்தை வண்டியைச் சுருக்குவதற்கு மட்டும் அவர்கள் பயன்படுத்தவில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக்கினார்கள். 150 குதிரைகள் ஒரே சமயத்தில் இழுக்கும்போது பின்சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? ஸ்விங் ஆர்ம் நீளமாக இருந்தால், சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அதன் கோணம் குறைவாகவே மாறும்; பிடிமானம் சீராக இருக்கும். இதற்குப் பின் வந்த வேக வண்டிகள் பலவும் இந்த அமைப்பைத் தழுவிக்கொண்டன.

இதையெல்லாம் கேட்டபின் நான் மீண்டும் சொன்னேன். “அப்ப ஆர்1தானே அண்ணே உயர்ந்தது?”

“உயர்ந்ததுதான். யார் இல்லன்னா?” என்றார். “ஆனா ஆர்1 செஞ்சவங்களுக்கு முன்னால ஒரு வண்டி நின்னுச்சு. இத விட லேசா, இத விட பலமா செய்யணும்னு கண்ணுக்கு முன்னால அளவு இருந்துச்சு. இதச் செஞ்சவங்களுக்கு முன்னால என்ன நின்னுச்சு? ஒன்னும் இல்ல. முடியாதுன்னு சொன்னவங்கதான் நின்னாங்க.”

அதோடு விடவில்லை. 2001-இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 வந்து ஆர்1-ஐயும் பின்னுக்குத் தள்ளியதைச் சொன்னார். அப்போது யாரும் ஆர்1-ஐக் குப்பையில் போடவில்லையே என்றார். உன் புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தால் உன் ஆர்1-உம் தோற்றுப்போகும் என்றார்.

பின்னர் இரண்டின் மீதும் என்னை ஏறி உட்காரச் சொன்னார். ஃபயர்பிளேட்டில் உட்கார்ந்தால் கைகள் முன்னோக்கிச் சாய்ந்தாலும் முதுகு முறையிடவில்லை. பெட்ரோல் டேங்க் அகலமாக, ஒரு பழைய நாற்காலியின் கைப்பிடி போல முழங்கால்களை ஏற்றுக்கொண்டது. ஆர்1-இல் உட்கார்ந்ததும் உடலின் பாரம் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. முன்னால் வண்டியே இல்லாதது போல ஓர் உணர்வு; நேராகச் சாலையின் மேல் தொங்கிக்கொண்டிருப்பது போல. நிறுத்தி வைத்த வண்டிதான். இருந்தும் நெஞ்சு படபடத்தது. முதல் ஆர்1-இன் முன்பகுதி மிக இலேசானது. மேடுபள்ளச் சாலையில் விசையைத் திருகினால் ஹேண்டல் இருபுறமும் உதறும் என்று அண்ணன் சொன்னபோது நான் இறங்கிவிட்டேன்.

இரண்டிலும் கார்புரேட்டர்தான். ஹோண்டா இவ்வரிசையில் எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறியது 2000-இல், யமஹா 2002-இல். அண்ணனுக்கு இது பெரிய நிம்மதி. கணினியைச் செருகாமல், காதை வைத்தே சரிசெய்யக்கூடிய கடைசித் தலைமுறை வண்டிகள். நான்கு கார்புரேட்டர்களும் ஒரே அளவில் மூச்சு விடுகின்றனவா என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் நாற்பது பேர் வாய்விட்டு வாசிக்கும்போது எவன் உதட்டை மட்டும் அசைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அதைப் போன்றதுதான் போலும்.

பெற்றோர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளைகள் பெரிய மோட்டார் கேட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்களே. அண்ணனின் பட்டறையில் சாலைப் பந்தயத்துக்கு வண்டியை மாற்றித் தரக் கேட்டு வரும் இளைஞர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முப்பது வயதுக்குக் குறைந்தவருக்கு இவ்விரண்டில் எதையும் விற்பதில்லை என்பதும் அவர் முன்பே எடுத்த முடிவு.

அன்று இரவு வீட்டிற்கு வந்தபின் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். நடுவே கோடு, இரண்டு பக்கம், ஒரு பக்கம் முழுதும் சரி அடையாளம். எனக்குப் பழக்கமான பக்கம்தான்.

எங்கள் அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அண்ணனுக்கும் எனக்கும் நான்கு வயது வேறுபாடு. அண்ணன் படிவம் மூன்றில் எஸ்ஆர்பி தேர்வு எழுதிய ஆண்டில் அப்பா மரத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் பல மாதங்கள் பெரட்டுக்குப் போக முடியாமல் கிடந்தார். அண்ணன் அத்துடன் பள்ளியை நிறுத்திவிட்டு டவுனில் ஒரு சீனர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். என் இடைநிலைப் பள்ளிக் கட்டணம், பேருந்துக் காசு, ஆறாம் படிவத்துப் புத்தகங்கள் எல்லாம் அந்தப் பட்டறைச் சம்பளத்தில் வந்தவை. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தேர்வானபோது அப்பா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “தம்பியப் பாரு. நீயும் இருக்கியே.” அவர் சாகும் வரை அதைப் பல விதமாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் அன்று. மார்க்கு அட்டையில் இருந்ததைத்தான் சொன்னார். வருசத்தை எழுதவில்லை, அவ்வளவே. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு முறைகூட நான் வாய் திறந்ததில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். 2006-இல் நான் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியர். என் வகுப்பில் ஒரு மாணவன். அவனுடைய அண்ணனுக்கும் நான் போதித்திருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், யூபிஎஸ்ஆர் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவன். தம்பி அப்படி இல்லை. “உன் அண்ணன் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தான்” என்று நான் அடிக்கடி சொல்வேன். ஊக்கப்படுத்துவதாக நினைப்பு. ஆண்டிறுதித் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது ஒரு தாளில் பெயர் எழுத வேண்டிய கோட்டில் தன் பெயருக்குப் பதிலாக, அண்ணனின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘தம்பி’ என்று எழுதியிருந்தான். ஆசிரியர் அறையில் அதைக் காட்டிச் சிரித்தேன். சக ஆசிரியர்களும் சிரித்தார்கள். அவன் கேலிக்காக எழுதவில்லை என்று எனக்குப் புரிய வெகு நாளாயிற்று. அதற்குள் அந்தக் குடும்பம் ஜொகூர் பக்கம் மாறிப் போய்விட்டது.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

மூன்று வாரங்கள் கழித்துச் சிரம்பானிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். இளம்வயதில் படுக்கையறைச் சுவரில் நீல நிற ஆர்1-இன் படத்தை ஒட்டி வைத்திருந்தவராம். அண்ணன் வைத்திருந்ததும் அதே நீலமும் வெள்ளையும் கலந்த முதலாண்டு வண்டி. விபத்தில் சிக்கிய நிலையில் வாங்கி, இரண்டு ஆண்டுகள் உழைத்து எழுப்பியது. வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஃபயர்பிளேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதுவும் நல்லா இருக்கே” என்று மரியாதைக்குச் சொன்னார்.

நான் அண்ணனைத் தனியே அழைத்துக் கேட்டேன். உண்மையாகவே ஆர்1-ஐத்தான் கொடுக்கப்போகிறீர்களா என்று.

“மணிக்கட்டு தாங்கல தம்பி. அது எளந்தாரி வண்டி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “ஆர்1 எங்க போனாலும் அதுக்கு மதிப்பு இருக்கும். இதத் தேடி யார் வருவா?” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அப்பா இருந்திருந்தா ஆர்1-அ வச்சுக்கச் சொல்லியிருப்பாரு.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. “அண்ணே” என்று தொடங்கினேன். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லாததை அந்த இடத்தில், வாங்க வந்தவர் காத்திருக்கும்போது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “அந்தக் காலத்துல நான் சொல்லியிருக்கணும். அப்பாகிட்ட” என்றேன். அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தார். “எடுத்துட்டு வா அந்த ஃபைல” என்றார். ஆர்1-க்கு வாங்கிய ஒவ்வொரு பாகத்தின் ரசீதும் அந்தக் கோப்பில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

வண்டியை ஓட்டிச் செல்லும் முன் வாங்கியவரிடம் அரை மணி நேரம் பேசினார். டயர் சூடேறும் வரை பொறுக்க வேண்டும், மழையில் எடுக்கக் கூடாது, சங்கிலியின் இறுக்கம் இவ்வளவு இருக்க வேண்டும் என்றெல்லாம். தலைமையாசிரியர் புதிய ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படைப்பது போல இருந்தது. வண்டி சாலைமுனையில் திரும்பிய பிறகும் அதன் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே போய் ஃபயர்பிளேட்டை நகர்த்திப் பட்டறையின் நடுவில் நிறுத்தினார்.

என் பயிற்சிப் புத்தகத்துத் தாளைக் கிழித்து வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மேலே இரண்டு ஆண்டுகளையும் எண்ணெய்ப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். பட்டறைக்கு வருகிறவர்களிடம் “வாத்தியார் போட்ட மார்க்கு” என்று காட்டுகிறாராம்.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். ஃபயர்பிளேட்டின் அந்த 16 அங்குல முன்சக்கரத்தால் இப்போது ஒரு தொல்லை. மற்ற வண்டிகள் எல்லாம் 17 அங்குலத்திலேயே நிலைத்துவிட்டதால், 130/70-16 அளவில் நல்ல முன்டயர் எளிதில் கிடைப்பதில்லை. சக்கரத்தையே மாற்றி 17 அங்குலம் போட்டுக்கொள்ளும்படி பலர் சொல்கிறார்கள். அண்ணன் கேட்பதாக இல்லை. அப்படி மாற்றினால் அது பாபாவின் வண்டி ஆகாது என்கிறார். கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் நான்கு கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். வாசகர்களில் எவருக்கேனும், பினாங்கிலோ சிங்கப்பூரிலோ, இந்த அளவு டயர் வைத்திருக்கும் கடை தெரிந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் நானே போய் வாங்கி வருகிறேன்.